லோரி இல்லாத குரல் பதிவு

புதிதாகச் செய்தி வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, பொய்யைப் பிடிப்பது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். பழைய படத்தைப் புதிது என்று போடுகிறவன், எந்த நாட்டுச் சண்டையையோ கிள்ளானில் நடந்தது என்று பரப்புகிறவன், இவர்களைப் பிடிக்க உங்களிடம் கருவி இருக்கிறது. என்னை வேலையில் ஆட்டிப் படைத்தது வேறு சங்கதி. பொய்யே சொல்லத் தெரியாத ஒரு மனுஷி, நடக்காத ஒன்றைக் கண்ணால் பார்த்தேன் என்று அழுதுகொண்டே சொன்னால் என்ன செய்வீர்கள்? அதைத்தான் சொல்லப்போகிறேன். நடுவில் கைப்பேசியைத் தடவினால் எனக்குக் கெட்ட கோபம் வரும், முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அப்போது நான் இணையச் செய்தித் தளம் ஒன்றின் தமிழ்ப் பிரிவுக்குப் பொறுப்பு. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். கேரி தீவுக்குப் போகிற வழியில் ஒரு பழைய எஸ்டேட்டை விற்று, வீடு கட்ட மண்ணைத் தோண்டினார்கள். மண்ணோடு எலும்புகள் வந்தன. சின்னச் சின்ன எலும்புகள், குழந்தைகளுடையவை. போலீஸ் வந்து வேலையை நிறுத்தியது. எலும்புகள் பழையவை, விசாரணை நடக்கிறது என்றது. நாங்களும் அந்த அளவோடு செய்தி போட்டோம்.

இணையத்தில் ஒரு குழு இருந்தது. பெயர் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் இருக்கிறது. தோட்டங்களில் நம் ஜனங்களுக்கு நடந்த அநியாயத்தைப் பேச ஆரம்பித்த குழு அது. தோட்டத்தை விற்றவுடன் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களை நடுத்தெருவில் விட்டது உண்மை. அதைப் பேசப் பெரிய பத்திரிகைகள் வராததும் உண்மை. அதனால் அங்கே இருந்தவர்களை முட்டாள்கள் என்று நினைக்காதீர்கள். ஏமாற்றப்பட்டுப் பழகியவர்கள், எல்லாவற்றிலும் ஏமாற்று இருக்கும் என்று தேடினார்கள்.

எலும்புச் செய்தி அந்தக் குழுவுக்குள் போனது. யாரோ ஒருவர் எழுதினார்: "நம்ம ஆளுங்க எரிப்பாங்க. புதைச்சிருக்காங்கன்னா மறைச்சிருக்காங்க." அந்த ஒரு வரிதான். அதன் மேல் கோபுரமே கட்டிவிட்டார்கள். தோட்டத்துத் துரை வெளிநாட்டு மருந்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுச் சோதித்தார், பிள்ளைகள் செத்தன, உடல்களைச் செம்பனைக் காட்டில் ஒரே குழியில் போட்டு மூடினார்கள் என்று கதை வளர்ந்தது.

என் பிரிவில் இருந்த உதவி ஆசிரியர் ஒருவர், கெட்டிக்காரப் பையன், என் மேசைக்கு வந்தார். "அக்கா, அதுல ஒரு லாஜிக் இருக்குலா. ஹிண்டு எப்படிக்கா புதைப்பாங்க?"

"ஏன்டா, பல்லு மொளைக்காத புள்ளைய எரிக்க மாட்டாங்க. மண்ணுலதான் வைப்பாங்க. ஒனக்குத் தெரியாதா?"

அவர் விழித்தார். அவர் வீட்டில் எந்தக் குழந்தையும் செத்ததில்லை. குழந்தைகள் சாகாத காலத்தில் பிறந்தவர், நல்ல காலம்தான். ஆனால் அந்த நல்ல காலத்தில் ஒரு வழக்கமே ஜனங்களுக்கு மறந்துபோயிருந்தது. எனக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று கேட்டால், செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் எனக்கு முன்னால் பிறந்த ஒன்று அப்படித்தான் போனது. அம்மா வாய் திறந்து சொன்னதே இல்லை. அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். செத்த பச்சைப் பிள்ளைக்குக் கருமாதி கிடையாது, படம் மாட்டுவது கிடையாது, பேச்சும் கிடையாது.

உடனே அதை எழுதிப் போட்டிருக்கலாமே என்பீர்கள். எழுதினோம். "போலீஸ் சொல்லிக்கொடுத்து எழுதுகிறார்கள்" என்று குழுவில் சிரித்தார்கள். அதற்குள் அவர்களுக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

அந்தத் தோட்டத்து டிரெஸர் உயிரோடு இருந்தார். டிரெஸர் என்றால் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் டாக்டர் வேலையில் முக்கால்வாசி பார்க்கிறவர். ஊசி, கட்டு, பிரசவம் எல்லாம் அவர் கைதான். மாணிக்கம் என்று பெயர். எண்பதைத் தாண்டியவர், கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருந்தார். ஊசி போட்ட கை இந்தக் கைதான் என்று அவருடைய பழைய படத்தைக் குழுவில் போட்டார்கள். பிறகு வீட்டு கேட் படம் வந்தது. பிறகு "ஞாயித்துக்கிழமை காலையில போறோம், லைவ் போடுறோம், கெழவன் வாயத் தொறக்கட்டும்" என்று அறிவிப்பு.

அவர் மகள் கலா ஷா ஆலமில் பள்ளி ஆசிரியை. அவள் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, அப்பாவக் கூப்பிட்டா வர மாட்டேங்கிறாரு. ஓடிட்டா தப்பு செஞ்சவன்னு ஆயிடுமாம். நேத்து யாரோ சுவத்துல சிவப்புச் சாயம் ஊத்திட்டுப் போயிருக்காங்க. நீங்கதான்க்கா ஏதாவது செய்யணும்."

அந்தக் குழுவுக்கு உயிர் கொடுத்தது ஒரு பெண்ணின் குரல் பதிவு. சாந்தி. ஐம்பதைத் தாண்டியவர். அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருப்பில், பிறந்தவர். எங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக்கில் பெயர் பதியும் வேலை. "எந் தம்பிப் பாப்பாவ டிரெஸரு வந்து தூக்கிட்டுப் போனாரு, வெளிய லோரி நின்னுச்சு, பின்னாடி தார்பாய் போட்டிருந்துச்சு" என்று அவர் அதில் அழுதிருந்தார். அதைக் கேட்டபின் ஊரெல்லாம் லோரியை நினைவுகூர்ந்தது. லோரி சிவப்பு என்றார் ஒருவர். எனக்கும் ஞாபகம் வருது, சிவப்புதான் என்றார்கள் பலர். அந்தத் தோட்டத்தையே பார்க்காதவர்கள், காஜாங்கில் பிறந்து வளர்ந்தவர்கள்கூட, எங்க தோட்டத்துக்கும் அந்தச் சிவப்பு லோரி வந்துச்சு என்று எழுதினார்கள். யாரும் காசு வாங்கிக்கொண்டு எழுதவில்லை. மனதார எழுதினார்கள்.

நான் செய்தது ஒன்றுதான். குழுவில் பின்னோக்கிப் போய், சாந்தி முதன்முதலில் பேசியது எது என்று தேடினேன். இரண்டு பதிவுகள் இருந்தன. எல்லாரும் பரப்பியது இரண்டாவதை. முதலாவது யாரும் சீண்டாமல் அடியில் கிடந்தது. அதில் அவர் அழவில்லை. யோசித்து யோசித்துப் பேசினார். "விடிஞ்சும் விடியாத நேரம். டிரெஸரு கையில டார்ச் லைட்டு. அப்பா துணியில சுத்தி எதையோ மார்ல வச்சிருந்தாரு. ரெண்டு பேரும் நடந்து போனாங்க. நான் கதவு சந்துல பார்த்தேன்." அவ்வளவுதான். லோரி இல்லை. அதற்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: "அக்கா, லோரி நின்னுச்சா, நல்லா யோசிச்சுப் பாருங்க." நல்லா யோசித்துப் பார்த்தார், பாவம். அடுத்த பதிவில் லோரி வந்துவிட்டது.

இதை மனதில் வையுங்கள். ஒருவர் ஒரு சம்பவத்தைச் சொன்னால், அவர் முதல் தடவை என்ன சொன்னார் என்று தேடுங்கள். அப்புறம் சொல்வதில் கேட்டவர்களும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டால் கதை முடிந்தது என்று உதவி ஆசிரியர் துள்ளினார். தள உரிமையாளருக்கு அதற்குமேல் அவசரம். "போடுங்கம்மா, இன்னைக்கே போடுங்க. நாளன்னைக்கு ஞாயிறு. அந்தப் பெரியவருக்கு ஒன்னு ஆச்சுன்னா நம்ம கையில ஆதாரத்த வச்சிக்கிட்டுச் சும்மா இருந்தோம்னுதான் பேசுவாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனாலும் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். சாந்தி பொய்க்காரி ஆவார். கிளினிக் வாசலில் ஆட்கள் நிற்பார்கள். குழு என்ன சொல்லும்? சாந்தியை மிரட்டிவிட்டார்கள், முதல் பதிவு போலி என்று சொல்லும். டிரெஸர் அப்போதும் கொலைகாரர்தான். போடாமல் விட்டு, ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒரு கல்லை எடுத்துவிட்டால், அந்தப் பழி என் தலையில்தான்.

பத்திரிகையில் என் முதல் ஆசிரியர் ஒரு சிடுமூஞ்சி. அவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார்: ஒருத்தர் சொன்னது தப்பு என்று எழுதுவதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வா என்பார். போன் போதாது, நேரில் போக வேண்டும். அன்றைக்கு அந்தப் பழக்கம்தான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. உரிமையாளரிடம் "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் குடுங்க" என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுத்தார்.

கிளினிக்கில் நோயாளிகள் குறைந்த நேரம் பார்த்துப் போனேன். நான் யார் என்று சொன்னதும் சாந்தியின் முகம் இறுகியது. "நான் பொய் சொல்லலக்கா."

"நீங்க பொய் சொல்றீங்கன்னு சொல்ல வரலம்மா. ஒன்னே ஒன்னு கேளுங்க." முதல் பதிவைப் போட்டு அவர் காதருகே வைத்தேன்.

தன் குரலைத் தானே கேட்டார். முடிந்ததும், இன்னொரு தரம் போடுங்க என்றார். போட்டேன்.

"லோரி பத்தி நான் சொல்லலியா இதுல?"

"சொல்லல."

"அப்ப மறந்திருப்பேன். அப்புறமாதான் ஞாபகம் வந்துச்சு. இப்பகூடக் கண்ண மூடுனா லோரி நிக்குதுக்கா."

அவர் கண்ணை மூடியே காட்டினார். அவருக்கு லோரி நின்றதுதான். நான் போய் அதை எப்படி நகர்த்துவது?

"ஒங்க அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"அம்மா அதப் பத்திப் பேசவே மாட்டாங்க. கேட்டா எந்திரிச்சுப் போயிடுவாங்க. அதுவே ப்ரூஃப்தானக்கா? யாரோ மெரட்டி வச்சிருக்காங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்று. சொன்னேன். பல் முளைக்காத பிள்ளையைப் பற்றி, என் அம்மாவைப் பற்றி, பேசாமல் இருப்பதுதான் வழக்கம் என்பதைப் பற்றி. சாந்தி என்னை நம்பவில்லை. ஆனால் "நாளன்னைக்கு அந்த வீட்டுக்குப் போறாங்க, சாந்தி. ஒங்க குரலப் போட்டுக்கிட்டுதான் போவாங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தரம் ஒங்க அம்மாகிட்ட கேளுங்க. அவங்க எந்திரிச்சுப் போனா நீங்களும் பின்னாலயே போங்க" என்று நான் சொன்னபோது, தலையை ஆட்டினார். ஆட்டிய விதத்தில் நம்பிக்கை வரவில்லை.

மறுநாள் முழுக்க அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. சாயங்காலம் உரிமையாளர் வந்து நின்றார். போட மாட்டேன் என்றேன். "அப்ப பொறுப்பு ஒங்களுதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பலாய்க்கு, அதுதான் காவல் நிலையத்துக்கு, போன் செய்து விஷயத்தைச் சொல்லி வைத்தேன். ரோந்து வண்டி வரும் என்றார்கள்.

ஞாயிறு காலை நானும் கலாவும் டிரெஸர் வீட்டுக்குள் இருந்தோம். சுவரில் சிவப்புச் சாயம் காய்ந்து கிடந்தது. மாணிக்கம் ஐயா வெள்ளைச் சட்டை போட்டு, முடியைப் படிய வாரி, கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி தயாராக உட்கார்ந்திருந்தார். "நான் வெளிய போய்ப் பேசுறேன்மா. நம்ம தோட்டத்துப் புள்ளைங்கதானே. பாதிப் பேரு என் கையில பொறந்ததுங்க."

"அவங்க யாரும் ஒங்க தோட்டம் இல்ல ஐயா" என்றேன். அது அவருக்கு விளங்கவில்லை.

மோட்டார் சைக்கிள்கள் வந்தன. தெருவே அடைத்துக்கொண்டது. ரோந்து வண்டியில் இரண்டு போலீஸ்காரர்கள், கேட்டுக்கு முன்னால் நின்று, கலாட்டா வேண்டாம் என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழுவின் அட்மின் ஓர் இளைஞன், கைப்பேசியைக் குச்சியில் மாட்டி உயர்த்திப் பிடித்திருந்தான். ஒலிபெருக்கியில் சாந்தியின் அழுகைக் குரல். "எந் தம்பிப் பாப்பாவ டிரெஸரு வந்து தூக்கிட்டுப் போனாரு." அதைக் கேட்டதும் ஐயா எழுந்துவிட்டார். கலா அவர் கையைப் பிடித்துத் தொங்கினாள். ஒரு முட்டை ஜன்னலில் வந்து உடைந்தது. அடுத்தது கல்லா முட்டையா என்று தெரியாமல் நின்றேனே, அந்தப் பயம் இன்னும் என் உடம்பில் இருக்கிறது. ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அப்போது ஒரு வாடகைக் கார் வந்து தெருமுனையில் நின்றது. சாந்தி இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மெலிந்த ஓர் அம்மாள். முட்டி வலியோடு ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வந்தார். சாந்தியைப் பார்த்ததும் கூட்டம் கை தட்டி வழி விட்டது. அக்கா வந்துட்டாங்க, அக்கா வந்துட்டாங்க என்றார்கள்.

அந்த அம்மாள் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொன்னார். மகள் குரல் நின்றது.

"அது எம் புள்ள" என்றார். சத்தமாகப் பேசத் தெரியாத குரல். "பொறந்து மூச்சு சரியா விடல. இந்தய்யாதான் ராவெல்லாம் பக்கத்துல ஒக்காந்திருந்தாரு. காப்பாத்த முடியல. எரிக்கக் கூடாது, மண்ணுலதான் வைக்கணும். பொம்பளைங்க போகக் கூடாது. எங்க வீட்டுக்காரருக்குக் கை கால் ஓடல. இவருதான் டார்ச் லைட்டு புடிச்சிக்கிட்டுக் கூடப் போனாரு. லோரியும் இல்ல, ஒன்னும் இல்ல. நடந்துதான் போனாங்க." பிறகு மகளைக் காட்டி, "இவ பாத்தான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்" என்றார். சாந்தி அழுத அழுகை பதிவில் கேட்ட அழுகை மாதிரி இல்லை. சத்தமே வரவில்லை.

ஐயா ஜன்னல் வழியாக அந்த அம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிட்டார். அந்த அம்மாளும் கும்பிட்டார்.

கூட்டத்தில் இருந்த நடுத்தர வயதுக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு வண்டியைக் கிளப்பினார்கள். அட்மின் மட்டும் விடவில்லை. "பாட்டி, ஒங்களுக்கு எவ்ளோ குடுத்தாங்க?" என்றான், லைவில். சாந்தி அவன் முன்னால் போய் நின்றார். "அது எங்கம்மாடா" என்றார். போலீஸ்காரர் அவன் தோளைத் தட்டி, போதும் பாஸ், பாலிக் என்று வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அன்றைக்குத்தான் நாங்கள் செய்தி போட்டோம். இரண்டு பதிவு ஒப்பீடு எதுவும் இல்லை. சாந்தியின் அம்மா சொன்னதை அப்படியே போட்டோம், அவர் அனுமதியோடு. மறுநாளிலிருந்து அலுவலகத்துக்குப் போன் வர ஆரம்பித்தது. எல்லாம் அம்மாக்கள். என் புள்ளையும் அங்கதான், எனக்கு ரெண்டு, மூத்தது பொண்ணு என்று, வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத உதவி ஆசிரியரிடம் சொன்னார்கள். அந்தப் பையன் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து வந்து போன் எடுத்தார். போலீஸ் விசாரணை முடிந்து எலும்புகளை மறுபடி முறையாக மண்ணில் வைத்தபோது அந்த அம்மாக்கள் வந்து நின்றார்கள். முதல் தடவையாகப் பெண்கள் போனார்கள்.

குழு கலைந்ததா என்று கேட்காதீர்கள். பாதிப் பேர் போனார்கள். மீதிப் பேர், அந்த அம்மாள் நடிகை என்று முடிவு செய்தார்கள். சாந்தியைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவர் குரலை நீக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். நானும் சாப்பிட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். கல் விழவில்லை, ஆள் பிழைத்தார். அதுவே பெரிது என்று நினைத்தேன்.

கலா அப்பாவை ஷா ஆலமுக்கு அழைத்துப் போய்விட்டாள். சில மாதம் கழித்து நான் பார்க்கப் போனேன். இளைத்திருந்தார். கலா தேநீர் கலக்க உள்ளே போனதும், என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி மெதுவாகப் பேசினார்.

"ஒன்னு கேக்கணும்மா. கலாகிட்ட கேட்டா அழுவா."

"கேளுங்க ஐயா."

"அந்த லோரி செவப்புதானே?"

"ஐயா, லோரியே கிடையாது. சாந்தியோட அம்மா வந்து சொன்னாங்களே. ஒங்களக் கும்பிட்டாங்களே."

"அவங்க நல்லவங்க. எனக்காகச் சொல்லியிருப்பாங்க." ஜன்னலைப் பார்த்தார். "இத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு. எனக்கும் இப்பல்லாம் வருது. தார்பாய் வாசம்கூட வருதும்மா. அந்த லோரிய நான்தான் ஓட்டினேனா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஐயா, ஒங்களுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. ஆயுசுக்கும் சைக்கிள்லதான் போனீங்க. லைசென்ஸே எடுத்ததில்லன்னு கலா சொன்னாளே."

யோசித்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. "ஆமா, ஆமா. எனக்கு ஓட்டத் தெரியாது" என்றார். அப்பாடா என்று நானும் மூச்சு விட்டேன். கலா தேநீர்த் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். அவர் என் கையை விடாமல், அவளுக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டார்.

"அப்ப யாரும்மா ஓட்டினது?"